அருவிச் சுற்றுத்தடம்: எந்த இடம் வரை திரும்பலாம்?

புஷ் எனப்படும் ஆஸ்திரேலியக் காட்டுப்பகுதியில் ஒரு பகல் முழுக்க நடக்கும் அருவிச் சுற்றுத்தடங்களுக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். கார் நிற்கும் இடம் மேட்டில் இருக்கும். தடம் அங்கிருந்து இறங்கி ஓடையைத் தொடும், ஓடையோடு போய் அருவியைக் காட்டும், நாலைந்து முறை தண்ணீரைக் குறுக்கே கடக்க வைக்கும், கால் ஓய்ந்த நேரம் பார்த்து ஏற்றத்தில் கொண்டு விடும். மலையுச்சிக்குப் போகிறவர் களைத்தால் இறங்கி வந்துவிடலாம். இங்கே களைப்பு பள்ளத்தில் வருகிறது. ஏற்றம் இன்னும் பாக்கி இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாதியைத் தாண்டியதும், “இனித் திரும்புவதைவிட முடிப்பதுதான் கிட்ட” என்று மனம் கணக்குப் போடும். கிலோமீட்டரில் அது சரியாகவே இருக்கும். ஆனால் பின்னால் கிடப்பது பார்த்த வழி, முன்னால் கிடப்பது பார்க்காத வழி. அங்கே மரம் விழுந்திருக்கலாம், ஓடை பெருகியிருக்கலாம். ஆகவே சுற்றுத்தடத்துக்குத் தயாராவது என்பது முதலில் ஒரு புள்ளியைக் கண்டுபிடிப்பது: எதைத் தாண்டினால் திரும்புவது கஷ்டமாகும், அங்கே எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும், தண்ணீர் எந்த அளவில் இருந்தால் தாண்டலாம். இந்த மூன்றையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

குயின்ஸ்லாந்தின் லாமிங்டன் தேசியப் பூங்காவில், பின்னா பர்ராவிலிருந்து கிளம்பும் கூமரா சுற்று இதற்கு நல்ல உதாரணம். மொத்தம் 17.4 கி.மீ., தரம் 4, சுமார் 7 மணி நேர நடை. பார்டர் டிராக் என்ற தடத்தில் 1.9 கி.மீ. போய்ப் பிரிந்தால், 64 மீட்டர் விழும் கூமரா அருவியைக் காட்சிமேடையிலிருந்து பார்க்கலாம். ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்கும் வேலை அதற்குப் பிறகுதான். அதாவது திரும்பும் புள்ளி காட்சிமேடையேதான். முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தால், மேடை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். பெரிய அருவி பார்த்தாயிற்று. சுற்றை முடிக்காததால் எதுவும் குறைந்துவிடாது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதும் இதே கணக்குதான். பூங்கா ஒரு திசையைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சொல்லாத இடத்தில், ஆபத்தான ஓடைக் கடவு அல்லது சங்கிலி பிடித்துக் கடக்கும் பாறை எந்தப் பக்கத்தில் சீக்கிரம் வருகிறதோ அந்தப் பக்கம் போவது நல்லது. கடக்க முடியாது என்று ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்தால் அது ஏமாற்றம். ஆறாவது மணி நேரத்தில் தெரிந்தால் இரவு முழுக்கக் காட்டில். இன்னொன்று: செங்குத்தான ஈரப்பாறையில் ஏறுவது, இறங்குவதைவிடப் பத்திரம்.

தரம் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் தடங்களுக்கு 1 முதல் 5 வரை தரம் கொடுக்கிறார்கள். 4 என்றால் நீளம், கரடுமுரடு, செங்குத்து, வழிகாட்டிப் பலகை குறைவு. 5 என்றால் பலகையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். மழை பெய்தது என்பதற்காகப் பலகையில் இருக்கும் எண் மாறாது. ஈரமான நாளில் 4-ஐ 5 என்று வாசியுங்கள்.

நேரக் கணக்கு

புஷ்ஷில் தடம் தெளிவாக இருந்தால் மணிக்கு 3.5 கி.மீ. எனக் கொள்ளுங்கள். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். காலணி நனையும் ஒவ்வொரு ஓடைக் கடவுக்கும் 10 நிமிடம். ஓடைப் படுகையிலேயே பாறைக்குப் பாறை தாவிப் போகும் பகுதிக்கு மணிக்கு 1 கி.மீ.க்கு மேல் போடாதீர்கள்.

14 கி.மீ., மொத்த ஏற்றம் 840 மீட்டர், 5 கடவுகள் என்று வைப்போம். நடைக்கு 4 மணி, ஏற்றத்துக்கு 1 மணி 24 நிமிடம், கடவுகளுக்கு 50 நிமிடம், சாப்பாட்டுக்கும் அருவியடியில் உட்காருவதற்கும் 1 மணி. ஆக 7 மணி 14 நிமிடம். காலை 7-க்குக் கிளம்பினால் மதியம் 2.15 ஆகும். ஜூன் மாதத்தில் பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் மாலை 5 மணியை ஒட்டிச் சூரியன் மறையும். மழைக்காட்டுப் பள்ளத்தில் அதற்கு வெகுமுன்பே வேர் எது, பாம்பு எது என்று தெரியாத இருட்டு வந்துவிடும். கையில் இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கிறது. அதே கணக்கில் 9.30-க்குக் கிளம்பினால் மிச்சமே இல்லை. இந்தத் தடங்களில் இருட்டில் மாட்டிக்கொள்ளக் காரணம் மெதுவாக நடப்பதைவிடத் தாமதமாகக் கிளம்புவதுதான்.

குழுவின் வேகம் என்பது கடைசியில் வருபவரின் வேகம். அவரை முன்னால் விடுங்கள்.

லாமிங்டன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை. குயின்ஸ்லாந்து கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறது. எல்லையோரத் தடத்தில் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். வெயில் நாளில் 4 முதல் 5. ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள், அல்லது வடிகட்டுங்கள். குளோரின் டையாக்சைடு மாத்திரை போட்டால் பொட்டலத்தில் சொன்ன நேரம் காத்திருங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாக அது 4 மணி நேரம் எடுக்கும், அரை மணியில் குடித்தால் பாதிப் பலன்தான்.

ஆளுக்கொரு ஹெட்லேம்ப், குழுவுக்கு ஒன்று போதாது. போனின் விளக்கை எண்ணிக் கிளம்பக் கூடாது: ஒரு கை வேரையும் பாறையையும் பிடிக்கத் தேவைப்படும், வரைபடம் இருக்கும் சார்ஜும் அதில்தான் கரையும். மழைச்சட்டை, கம்பளி அல்லது செயற்கை இழை மேலாடை. பருத்தி வேண்டாம், பள்ளத்தில் நனைந்த பருத்தி நாள் முழுக்கக் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். வெப்பப் போர்வை, விசில், நீளக் காற்சட்டை, கணுக்கால் உறை. ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக.

முதலுதவிப் பையில் முக்கியமானது மருந்துகள் அல்ல, கட்டுத் துணி. 10 செ.மீ. அகலமுள்ள, நன்றாக இழுபடும் எலாஸ்டிக் பேண்டேஜ் குறைந்தது மூன்று. ஏன் மூன்று என்பது கீழே வருகிறது.

பி.எல்.பி. எனப்படும் தனிநபர் அபாய ஒலிபரப்பி இல்லாமல் இந்த மாதிரித் தடங்களுக்குப் போகாதீர்கள். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும். போன் சிக்னல் தேவையில்லை, சந்தாவும் இல்லை. ஆம்சா எனப்படும் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிய வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஜி.பி.எஸ். உள்ளதாகவே வாங்குங்கள்: அது சுமார் 120 மீட்டருக்குள் இடம் காட்டும், இல்லாதது 5 கி.மீ. வட்டத்தைத்தான் தரும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது வேறு நாட்டுக் குறியீட்டில் இருக்கும், அதை இங்கே பதிய முடியாது. சிட்னிக்கு அருகே உள்ள நீல மலை (புளூ மவுண்டன்ஸ்) பகுதிக்குப் போகிறீர்கள் என்றால் காவல்துறையும் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் இலவசமாகவே இரவல் கிடைக்கும். அதைப் பையில் போடாமல் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். வழுக்கி விழும்போது பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போவது சகஜம்.

முந்தின இரவு

மூன்றைப் பாருங்கள். பூங்காவின் தளத்தில் தடம் திறந்திருக்கிறதா. புயலுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் தடங்கள் உண்டு. வானிலை மையத்தின் மழை முன்னறிவிப்பு. உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் ஓடையின் தலைப்பகுதியில் பெய்தால் போதும். பிறகு தீ அபாய அளவு: 2022 முதல் நாடு முழுக்க நாலே படிகள், மிதம், உயர், தீவிரம், பேரழிவு. தீவிரம் என்று போட்டால் போகாதீர்கள். ஒடுங்கிய பள்ளத்துக்குள் தீயிடமிருந்து ஓட வழியே கிடையாது, அது சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும், நீங்களும் மேல்நோக்கித்தான் போக வேண்டியிருக்கும்.

வீட்டில் ஒருவரிடம் தடத்தின் பெயர், சுற்றும் திசை, கார் எண், ஆட்களின் பெயர், பி.எல்.பி. இருக்கிறதா என்பதெல்லாம் எழுதிக் கொடுங்கள். கடைசி வரி இப்படி இருக்கட்டும்: “இரவு 8 மணிக்குள் செய்தி வராவிட்டால் காவல்துறைக்குப் போன் செய்.” “சாயங்காலம் வந்துவிடுவோம்” என்று மட்டும் எழுதினால், அவர் நள்ளிரவு வரை தயங்கிக்கொண்டிருப்பார்.

வழி தவறும் இடங்கள்

நடுத்தடத்தில் யாரும் தொலைவதில்லை. பிரிவிலும், ஓடைக் கரையிலும், விழுந்த மரத்தைச் சுற்றிப் போகும்போதும்தான் தொலைகிறார்கள். சுற்றுத்தடத்தில் பிரிவுப் பலகை இரண்டு பக்கமும் ஒரே பெயரைக் காட்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் அங்கேதான் போகிறது. எந்தப் பிரிவில் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை போனில் இறக்கிவிட்டு விமானப் பயன்முறையில் போடுங்கள். சிக்னல் தேடியே பாதி சார்ஜ் போய்விடும். செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். புள்ளி எதிர்ச்சரிவில் போய் உட்காரும், அதை அப்படியே நம்ப வேண்டாம். 1:25,000 தாள் வரைபடத்தில் 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர். திசைகாட்டியின் ஊசி உண்மை வடக்குக்குக் கிழக்கே சாய்ந்து நிற்கும், சிட்னியில் சுமார் 13 பாகை, பிரிஸ்பேனில் சுமார் 11. இதைக் கழிக்காமல் விட்டால் ஒரு கிலோமீட்டரில் 200 மீட்டர் விலகிவிடுவீர்கள். நிழலும் ஏமாற்றும்: தெற்கு அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. தெற்கு பார்த்த சரிவுகளில் வெயில் குறைவு, அங்கே பாசி அதிகம்.

விழுந்த மரத்தைச் சுற்றிப் போவதற்கு முன் நின்று பாருங்கள். பெரிய மரம் விழுந்ததும் காட்டின் இலைக்கூரை திறந்து வெளிச்சம் இறங்குகிறது. அந்த வெளிச்சத்தில் முதலில் முளைப்பவற்றில் கொட்டும் மரமும் ஒன்று. இதய வடிவ அகன்ற இலை, விளிம்பில் பல், பெரும்பாலும் பூச்சி அரித்த ஓட்டைகள். கை பட்டால் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள் தோலில் ஏறி, வலி நாட்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் முள் உடைந்து உள்ளே போகும். முடி நீக்கும் மெழுகுப் பட்டையை ஒட்டிப் பிய்த்தால் நிறைய முள் கூடவே வரும். இரண்டு பட்டை பையில் இருப்பது நல்லது. பிரம்புக் கொடியும் இதே இடங்களில் தொங்கும். சட்டையைப் பிடித்தால் முன்னால் இழுக்காதீர்கள், அதன் கொக்கிகள் எல்லாம் பின்னோக்கி இருக்கின்றன. ஒரு அடி பின்வாங்குங்கள், தானே விடும்.

மரத்தைச் சுற்றி வந்ததும் பத்து அடியில் தடம் தெரியவில்லையென்றால், மரத்துக்கே திரும்பி மறுபடி தேடுங்கள். ஓடை கடந்த பின்னும் இதே விதி. எதிர்க்கரையில் தடம் நேர் எதிரே இருக்காது. அம்புக்குறி, கல் குவியல், தேய்ந்த வேர் எதுவாவது கண்ணில் படும் வரை தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

ஓடையைக் கடப்பது

முதலில் தண்ணீரின் நிறம். தேநீர் நிறம் என்றால் இலைச் சாயம், பயமில்லை. பால் விட்ட தேநீர் நிறம் என்றால் மண், மேலே பெய்திருக்கிறது. சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தால் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் நீர்விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். கல் மூழ்கினால் கடக்காதீர்கள்.

அடுத்து, கால் தவறினால் எங்கே போவோம் என்று கீழ்ப்பக்கம் பாருங்கள். கடவைவிட இது முக்கியம். கீழே அகன்ற ஆழமற்ற குட்டை என்றால் நனைவதோடு போகும். அருவி விளிம்போ, நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரமோ இருந்தால், கணுக்கால் அளவுத் தண்ணீரானாலும் அங்கே வேண்டாம். அந்தக் கிளைகள் சல்லடைபோலத் தண்ணீரை விட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு மேலே இருந்தால் நின்றுவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே என்றால்: காலணியைக் கழற்றாதீர்கள், வெறுங்காலுக்குப் பிடிமானம் இல்லை, கல் இடுக்கில் விரலும் போகும். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். கோல், இரண்டு கால் மூன்றில் எப்போதும் இரண்டு தரையில் இருக்கட்டும். பாறைமேல் தாவுவதைவிடப் படுகையில் காலை நனைத்து நடப்பது நல்லது. கணுக்கால் உடைவது தாவும்போதுதான்.

பெருகியிருந்தால் உட்கார்ந்து காத்திருங்கள். சின்ன ஓடைகள் எவ்வளவு வேகமாக ஏறுகின்றனவோ கிட்டத்தட்ட அதே வேகத்தில், மழை விட்டுச் சில மணி நேரத்தில் வடியும். அதற்குத்தான் கூடுதல் சாப்பாடும் போர்வையும். ஏற்கெனவே இரண்டு கடவைத் தாண்டி மூன்றாவதில் மாட்டினால், பின்னால் உள்ள இரண்டும் ஏறியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஓடையைவிட்டு மேட்டுக்கு ஏறி அங்கே தங்குங்கள்.

அருவியடியில்

ஈரப்பாறையில் கறுத்த கோடு தெரிந்தால் அது பாசிப்படலம், சோப்பு தேய்த்த மாதிரி. காய்ந்த சாம்பல் பாறை பிடிக்கும். அருவியின் தலைப்பக்கம் போய் எட்டிப் பார்ப்பதுதான் பெரிய தப்பு: மணற்பாறை விளிம்புகள் அடியில் குடைந்து போயிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. குட்டைக்குள் குதிக்காதீர்கள், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அடியில் கட்டை இடம் மாறுகிறது. சாப்பிட உட்காரும்போது தலைக்கு மேலே பாருங்கள். யூக்கலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும்.

மலம் கழிக்க, தண்ணீரிலிருந்து 100 மீட்டர் தள்ளி, 15 செ.மீ. ஆழக் குழி. காகிதத்தைப் பையில் கட்டி எடுத்து வாருங்கள்.

கடி

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது, கழுவுவது எதுவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் பின்பற்றும் முறை 1979-ல் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் வெளியிட்ட அழுத்தக் கட்டு. இங்குள்ள பாம்புகளின் விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியே பரவுகிறது. தசை அசைந்தால்தான் அது ஓடும். ஆகவே அழுத்தமும் அசையாமையும் இரண்டும் வேண்டும்.

ஆளை அங்கேயே உட்கார வையுங்கள். முதல் பேண்டேஜைக் கடித்த இடத்தின் மேலேயே சுற்றுங்கள். இரண்டாவதை விரல் நுனிக்குச் சற்று மேலிருந்து தொடங்கித் தொடை வரை, கையானால் தோள் வரை. சுளுக்குக்குக் கட்டும் இறுக்கத்தைவிடக் கூடுதலாக, ஆனால் விரல் நீலமாகாதபடி. ஒரு காலுக்கு இரண்டு சுருள் போய்விடும், மூன்றாவது குச்சியை வைத்து அசையாமல் கட்ட. கடித்த இடத்தையும் நேரத்தையும் துணிமேல் பேனாவால் குறியுங்கள். பாம்பைத் தேடிப் போகாதீர்கள், என்ன பாம்பு என்று தெரியாமலே சிகிச்சை கொடுக்க முடியும். பிறகு ஒரு அடிகூட நடக்க விடக் கூடாது, பி.எல்.பி.யை இயக்குங்கள், உதவி அவரிடம் வரட்டும்.

உண்ணி வேறு கதை. கிழக்குக் கரையில் பக்கவாத உண்ணி உண்டு, அதற்கு அழுத்தக் கட்டு போடக் கூடாது. நகத்தால் கிள்ளி எடுத்தால் நசுங்கி உமிழ்நீரை உள்ளே விடும், அதிலிருந்துதான் ஒவ்வாமை. மருந்துக்கடையில் கிடைக்கும், ஈதர் உள்ள உறைய வைக்கும் தெளிப்பானால் அங்கேயே கொன்றுவிட்டு உதிர விடுங்கள். அட்டைக்கு இத்தனை மரியாதை தேவையில்லை: நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும், கொஞ்சம் அரிக்கும்.

உதவி கேட்பது

சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் அவசர எண் 000-ஐ அழையுங்கள். உங்கள் நிறுவனத்தின் கோபுரம் எட்டாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் வழியே அந்த அழைப்பு போகும். எமர்ஜென்சி பிளஸ் செயலி நிற்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைத் திரையில் காட்டும், அதை வாசித்தால் போதும்.

பி.எல்.பி.யை வானம் விரிந்து தெரியும் இடத்தில், ஆன்டெனா நேராக நிற்கும்படி வையுங்கள். பள்ளத்தின் அடியில் அது வானத்தின் ஒரு கீற்றை மட்டுமே பார்க்கும். முடிந்தால் ஒருவர் பாறைத் திட்டுக்கு எடுத்துப் போகட்டும். ஒருமுறை போட்டால், மீட்புக் குழு சொல்லும் வரை அணைக்காதீர்கள், இடத்தைவிட்டு நகராதீர்கள். ஹெலிகாப்டர் வர மணிக்கணக்கில் ஆகலாம், மேகம் இறங்கினால் மறுநாள் காலைகூட ஆகலாம். சத்தம் கேட்டதும் வெப்பப் போர்வையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், பறந்து இறக்கையில் சிக்கக் கூடாது. நடந்து வருபவர்களுக்கு விசில் மூன்று முறை, நிறுத்தி, மறுபடி மூன்று.

காருக்கு வந்ததும்

காலணியின் மண்ணைத் தேய்த்துத் தட்டிவிட்டு 70 சதவீத மெதிலேட்டட் ஸ்பிரிட் தெளியுங்கள். வேரழுகல் உண்டாக்கும் ஃபைட்டாப்தோரா ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போவது இந்த மண்ணில்தான். மயிர்க்கோடு, காதின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டை இடங்களில் உண்ணி பாருங்கள். இரவு குளிக்கும்போது இன்னொரு முறை.

கார் நிறுத்துமிடத்தில் சிக்னல் இல்லாத இடங்களே அதிகம். வீட்டுக்குப் போக வேண்டிய செய்தி எந்த ஊரைத் தாண்டும்போது போகும் என்று முன்பே சொல்லி வைத்திருங்கள், அங்கே வண்டியை ஓரங்கட்டி அனுப்புங்கள்.